ஆயுள் இன்ஷூரன்ஸும் ஆயுட்கால ஓய்வூதியமும்: சட்டக் காவல் எதுவரை?

சென்னை மவுண்ட் ரோட்டில், ஊர்மக்கள் பதினாலு மாடிக் கட்டடம் என்று சொல்லி அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி. மாளிகையைக் கட்டத் தொடங்கியது எல்.ஐ.சி. அன்று. யுனைட்டெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அதைத் திட்டமிட்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அவர் 1954-ல் சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் காலமானார், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கம்பெனியே சர்க்காரின் வசம் போயிற்று, 1959-ல் கட்டடம் திறக்கப்பட்டபோது அது புதிய ஸ்தாபனம் ஒன்றின் பெயரைத் தாங்கி நின்றது. இத்தனை மாறுதல்களுக்கு நடுவிலும் பழைய கம்பெனியில் பாலிசி எடுத்திருந்தவர்களுடைய பாத்தியதை மட்டும் மாறவில்லை. திட்டமிட்டவர் மறைந்தாலும், நிர்வாகம் கைமாறினாலும், பத்திரத்தில் எழுதிய தொகை எழுதியபடியே கிடைக்கவேண்டும் என்பதைச் சட்டம் உறுதி செய்திருந்தது.

அந்த உறுதி எவ்வளவு தூரம் செல்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். கம்பெனி முறிந்துபோகாமல் காப்பதில் இந்தியச் சட்டம் பெரிதும் வெற்றி கண்டிருக்கிறது. ஆனால், தவணை கட்ட முடியாமல் பாதி வழியில் நின்றுபோனவரையும், முதுமைக்கு ஆதாரமாக மாத வருமானத்தை விலைகொடுத்து வாங்கியவரையும் காப்பதில் அது வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. முன்னவர் விஷயத்தில் 2024-ல்தான் அது நியாயம் செய்யத் தொடங்கியது. பின்னவர் விஷயத்தில் இன்னும் தொடங்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் இந்நாட்டில் ஐரோப்பியருடைய தேவைக்காக வந்தது. 1818-ல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனியும், 1829-ல் சென்னையில் மதராஸ் ஈக்விடபிளும் தொடங்கப்பெற்றன. அக்காலத்தில் பல கம்பெனிகள் இந்தியருடைய உயிரை ஏற்கத் தயங்கின. ஏற்றபோதும் கூடுதலான பிரீமியம் கேட்டன. 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கந்தான் இந்தியரையும் சாதாரண விகிதத்திலேயே ஏற்றது. சுதேசி இயக்கத்தின் வேகத்தில் பல ஊர்களில் கம்பெனிகள் முளைத்தன; சென்னையில் 1906-ல் பிறந்த யுனைட்டெட் இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இவ்வாறு முளைத்தவற்றில் நேர்மையாக நடந்தவையும் உண்டு. வசூலித்ததைச் செலவிட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவையும் உண்டு. ஆகவே, 1912-ல் முதலாவது ஆயுள் இன்ஷூரன்ஸ் சட்டமும், அது போதாதென்று கண்டபின் 1938-ல் விரிவான இன்ஷூரன்ஸ் சட்டமும் இயற்றப்பட்டன. இன்றும் நம்மை ஆள்வது, பல திருத்தங்களைச் சுமந்து நிற்கும் அந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமே.

அச்சட்டத்தை நிதானமாகப் படிப்பவருக்கு, அதை எழுதியவர்களின் கவலை எதுவென்பது விளங்கும். மற்ற வியாபாரங்களில் சரக்கும் பணமும் ஒரே நாளில் கைமாறிவிடுகின்றன. சரக்கு மோசமென்றால் வாங்கியவன் மறுநாளே கடைக்காரனிடம் போய்க் கேட்கலாம். ஆயுள் பாலிசியிலோ பணம் இன்று தொடங்கி இருபது முப்பது ஆண்டுகள் போய்க்கொண்டே இருக்கிறது. சரக்கு என்று ஏதாவது கிடைப்பதானால் அது அத்தனை காலத்துக்கும் அப்பால்தான் கிடைக்கிறது. அதைப் பெறும்போது, ஒப்பந்தம் செய்துகொண்டவரே உயிரோடு இல்லாமலும் போகலாம். ஆகையால், திரண்ட பணத்தை எங்கே முதலீடு செய்யலாம், செலவு எவ்வளவு வரை போகலாம், தரகர் தம் கமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து ஆள் பிடிக்கலாமா, வாரிசாக யாரை நியமிக்கலாம் என்றெல்லாம் சட்டம் பிரிவு பிரிவாக விதி வகுத்தது. தொகையைக் கேட்டு விதவை வரும்போது, கணவர் என்றோ ஒரு நோயை மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி கைவிரிக்கக்கூடாது என்பதற்காகவே 45-ஆம் பிரிவு எழுந்தது. 2015-ன் திருத்தத்துக்குப் பிறகு அப்பிரிவு இன்னும் உறுதியானது: பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்தபின், எக்காரணம் கொண்டும் அதைச் செல்லாது என்று கூற முடியாது. மோசடி என்ற காரணமும் அதில் அடங்கும். உலகில் மிகச் சில நாடுகளின் சட்டங்களே பாலிசிதாரர் பக்கம் இவ்வளவு தூரம் சாய்ந்து நிற்கின்றன என்று துணிந்து சொல்லலாம்.

இத்தனை இருந்தும் பணம் சில கைகளில் சிக்கியது. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி லோக சபையில் எழுந்து, பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நிதி டால்மியா குழுவினரின் சொந்தக் காரியங்களுக்குத் திருப்பப்பட்ட விதத்தை ஆதாரங்களோடு விவரித்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-ஆம் தேதி, அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் இன்ஷூரன்ஸ் முழுவதையும் சர்க்கார் ஏற்றது. நிதி மந்திரி சி.டி. தேஷ்முக் அதை வானொலியில் நாட்டுக்கு அறிவித்தார். 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி எல்.ஐ.சி. எனப்படும் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. அதன் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பாலிசித் தொகைக்கு மத்திய சர்க்காரே உத்தரவாதம் என்று கூறுகிறது.

ஆனால் சர்க்காரின் உடைமை ஆனதாலேயே நாணயம் வந்துவிடாது என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் கார்ப்பொரேஷன் ஒரு கோடியே இருபத்துநான்கு லட்சம் ரூபாயை முறையான பரிசீலனை இல்லாமல் முடக்கியதை அதே ஃபெரோஸ் காந்தி அம்பலப்படுத்தினார். நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில், சில வாரங்களிலேயே விசாரணையை நடத்தி முடித்தார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவியைத் துறந்தார். பாலிசிதாரரின் பணம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்காக ஒரு மந்திரியே பதவி இழந்த அந்த நிகழ்ச்சியை நான் இந்த வரலாற்றின் மிகக் கண்ணியமான அத்தியாயமாகக் கருதுகிறேன். ஆட்சியாளர்களின் மனத்தில் அது விட்டுச்சென்ற அச்சம் பல பத்தாண்டுகள் நன்மை செய்தது.

தனிக் கம்பெனிகள் மீண்டும் வந்தது வேறு கதை. 1993-ல் அமைந்த ஆர்.என். மல்ஹோத்ரா கமிட்டி மறுபடியும் வியாபாரத்தைத் திறந்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. 1999-ல் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2000 அக்டோபரில் முதல் அனுமதிகள் வழங்கப்பட்டன. ஹைதராபாதில் இருந்து செயல்படும் அந்த ஆணையத்தை இன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று அழைக்கிறோம். வெளிநாட்டு மூலதனத்துக்கு முதலில் 26 சதவீதமாக இருந்த வரம்பு 2015-ல் 49 ஆகவும், 2021-ல் 74 ஆகவும் உயர்ந்தது. முழுவதையும் அனுமதிக்கும் எண்ணம் 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2024-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருபத்தாறு. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்ட வியாபாரம் இன்னும் எல்.ஐ.சி.யிடமே இருக்கிறது, 2022 மே மாதத்தில் சர்க்கார் அதன் பங்குகளில் மூன்றரை சதவீதத்தைப் பொதுமக்களுக்கு விற்றபின், அதுவும் மற்றக் கம்பெனிகளைப் போலக் காலாண்டு தோறும் லாபக் கணக்குக் காட்டவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

கம்பெனியின் உறுதியைப் பொறுத்தவரை புதிய ஆணையம் பழைய சட்டத்தின் வழியிலேயே சென்றது. பொறுப்புகளுக்கு மேலாக வைத்திருக்கவேண்டிய மூலதனம் நிர்ணயித்த அளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. ஆயுள் நிதியில் குறைந்தபட்சம் பாதி, சர்க்கார் கடன் பத்திரங்களிலும் அங்கீகரித்த பத்திரங்களிலும் இருக்கவேண்டும். இக்காவலின் பலன் கண்கூடு. சகாரா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நிலைமை மோசமானபோது 2017-ல் ஆணையம் அங்கே நிர்வாகியை நியமித்தது. 2023 ஜூனில் அதன் பாலிசிகள் அனைத்தையும் எஸ்.பி.ஐ. லைஃப் கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1997-க்கும் 2001-க்கும் இடையில் ஜப்பானில் ஏழு ஆயுள் கம்பெனிகள் முறிந்து, பாலிசிதாரர்கள் வாக்களித்த தொகையில் ஒரு பகுதியை இழந்ததோடு இதை ஒப்பிட்டால் நாம் ஆறுதல் அடையலாம்.

ஆனால், கம்பெனி திடமாக நிற்க, பாலிசிதாரர் மட்டும் நஷ்டம் அடையக்கூடும். 2000-க்குப் பின் வந்த அனுபவம் பெரும்பாலும் அதுவே. பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் திட்டங்கள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வெள்ளமெனப் பெருகின. முதல் ஆண்டுப் பிரீமியத்தில் பாதிக்கும் மேல் கட்டணமாகக் கழித்துக்கொண்ட திட்டங்கள்கூட விற்கப்பட்டன. "மூணு வருஷம் கட்டினாப் போதும் சார், அப்புறம் அதுவே ஓடும்" என்ற வாசகத்தைக் கேளாத நடுத்தரக் குடும்பம் அக்காலத்தில் இருந்திராது. 2010 ஏப்ரலில், இது உண்மையில் யாருடைய அதிகாரத்துக்குட்பட்ட பண்டம் என்ற சண்டை மூண்டது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பதினான்கு கம்பெனிகளுக்குத் தடை விதிக்க, இன்ஷூரன்ஸ் ஆணையம் அதை மறுக்க, ஜூனில் அவசரச் சட்டம் வந்து விவகாரத்தை இன்ஷூரன்ஸ் ஆணையத்தின் பக்கம் தீர்த்தது. அச்சண்டையால் விளைந்த நன்மை என்னவென்றால், அவ்வாண்டு செப்டம்பர் முதல் கட்டணங்களுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பணத்தை எடுக்கக்கூடாத காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று. வியாபாரமும் சுருங்கியது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட ஆயுள் பிரீமியம் 2009-ல் 4.6 சதவீதத்தை எட்டியிருந்தது. 2023-24-ல் ஏறக்குறைய எட்டு லட்சத்து முப்பதாயிரம் கோடி ரூபாய் வசூலாகியும் விகிதம் 2.8 சதவீதமே. சிலர் இதைக் கட்டுப்பாட்டின் கெடுதல் என்று கூறுகிறார்கள். 2009-ன் உயரம் தவறான விற்பனையால் ஊதிய உயரம் என்றே நான் கொள்கிறேன்.

யூலிப்பில் இடமில்லாமற்போன பழக்கம், தவணைக்காலம் முடிந்தாலும் இடையில் மரணம் நேர்ந்தாலும் தொகை தரும் பழைய எண்டோமெண்ட் திட்டங்களுக்குள் புகுந்துகொண்டது. இந்த இடத்தில்தான் சட்டத்தின் பெரிய குறை வெளிப்பட்டது. பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று கம்பெனிகள் ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கொடுக்கின்றன. பதின்மூன்றாம் மாதத்தில் ஒரு கணக்கு. அறுபத்தோராம் மாதத்தில், அதாவது ஐந்து ஆண்டு முடிந்தபின், ஒரு கணக்கு. பல கம்பெனிகளில் இந்த இரண்டாவது கணக்கு, பாலிசி எண்ணிக்கையில் பாதியை ஒட்டியே நெடுங்காலம் நின்றது. இருபது ஆண்டுக்கு என்று சொல்லி விற்ற பாலிசியை இரண்டில் ஒருவர் ஐந்தாவது ஆண்டிலேயே கைவிடுகிறார் என்றால், அவர் என்ன பெற்றுக்கொண்டு போகிறார் என்பது தலைமையான கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகள் கட்டவேண்டிய, பத்து லட்சம் காப்புத் தொகை உடைய எண்டோமெண்ட் பாலிசி. ஒரு தவணை கட்டியபின் வேலை போயிற்று, அல்லது வீட்டில் வைத்தியச் செலவு வந்தது, தவணை நின்றது. பழைய விதியின்படி அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டு கட்டி நிறுத்தியிருந்தால், 2019-ன் விதிப்படி, கட்டிய ஒரு லட்சத்தில் 30 சதவீதம். நான்காம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டுவரை 50 சதவீதம். மீதி எங்கே போயிற்று? நீண்டகாலப் பாலிசியில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை ஏஜெண்டுக்குக் கமிஷனாகப் போகலாம் என்பது விதியாக இருந்தது. மற்ற விற்பனைச் செலவும் முதலாண்டிலேயே விழுகிறது. எஞ்சியது, கடைசிவரை கட்டுகிறவர்களுடைய லாபத்தையும் கம்பெனியின் லாபத்தையும் உயர்த்தியது. கஷ்டம் வந்து நின்றவனுடைய பணத்தால் கஷ்டம் வராதவனுக்குப் போனஸ் கொடுப்பது இன்ஷூரன்ஸ் தத்துவத்துக்கே விரோதமானது.

2023-ன் இறுதியில் இதை மாற்ற ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டபோது கம்பெனிகளின் எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2024 மார்ச்சில் வந்த விதிகளைப் பார்த்துப் பழைய நிலையே நீடிக்கும் என்று பலர் எண்ணினர். ஆனால் ஜூனில் வந்த சுற்றறிக்கை காரியத்தை முடித்தது. முழு ஓராண்டுப் பிரீமியம் செலுத்தியிருந்தால், பாலிசியை இடையில் விட்டுவிடுகிறவருக்கு உரிய சிறப்புச் சரண்டர் மதிப்பு முதலாண்டு முடிவிலிருந்தே கிடைக்கவேண்டும். அதைக் கணக்கிடும்போது, செலுத்திய அளவுக்குச் சுருங்கிய காப்புத் தொகையை, பத்தாண்டுச் சர்க்கார் கடன் பத்திரத்தின் வட்டியைவிட அரை சதவீதத்துக்கு மேற்படாத விகிதத்தில்தான் இன்றைய மதிப்புக்குக் குறைக்கலாம். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. நம் உதாரணத்தில் ஒரு தவணை கட்டி நின்றவருக்கு, போனஸ் நீங்கலாக, ஏறத்தாழ பன்னிரண்டிலிருந்து பதினாலாயிரம் ரூபாய் கிட்டும். நீண்ட தவணையுள்ள பாலிசியில் இது சிறு தொகைதான். ஆனால் பத்துத் தவணை, ஏழு தவணை என்று குறுகிய காலம் கட்டும் திட்டங்களில் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. கம்பெனிகள் முதலாண்டுக் கமிஷனைக் குறைத்துப் பின்வரும் ஆண்டுகளில் கூட்டவும், பாலிசி சீக்கிரம் நின்றால் கமிஷனைத் திரும்பப் பெறவும் முனைந்தன. ஏஜெண்டுகளுக்கு இது கசப்பாக இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி ஜீவனம் நடத்தும் சிறு ஏஜெண்டின் கஷ்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், பாலிசி நீடித்தால்தான் தமக்கு வருமானம் நீடிக்கும் என்ற ஏற்பாடு, நேர்மையான ஏஜெண்டுக்கு நாளடைவில் லாபமாகவே முடியும்.

சட்டத்தில் எழுதியது கையெழுத்துப் போடும் மேஜைவரை வந்து சேர்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பெரும்பாலான தனிக் கம்பெனிகளின் வியாபாரம் இன்று வங்கிகளின் வழியாக நடக்கிறது. வைப்புத்தொகை முதிர்ந்து, புதுப்பிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கவுண்டரில் இருப்பவர், "எஃப்.டி. மாதிரிதான் சார், வட்டி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி ஒரு கட்டுத் தாளை நீட்டுகிறார். அத்தாள்களில் ஒன்று, 4 சதவீதம், 8 சதவீதம் என்ற இரு கற்பனை விகிதங்களில் என்ன கிடைக்கும் என்று காட்டும் பலன் விளக்கப் பட்டியல். ஒவ்வொரு பக்கத்திலும் வாங்குபவர் கையெழுத்திடவேண்டும் என்று வைத்ததே அவர் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான். இன்னொன்று முன்மொழிவுப் படிவம். சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விகளுக்கு எதிரே 'இல்லை' என்று முன்னமே குறித்திருக்கும். தமிழில் கையெழுத்திடுபவராக இருந்தால், படிவத்தின் விஷயங்களை அவருக்குப் புரியும் பாஷையில் எடுத்துச் சொன்னேன் என்று மூன்றாமவர் ஒருவர் உறுதி எழுதித் தரவேண்டிய பகுதியும் அதில் உண்டு. அதில் பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு கிறுக்கலும் மட்டுமே காணப்படும். இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து சரிபார்ப்புக்காகத் தொலைபேசி அழைப்பு வரும். "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒவ்வொன்றும் நிறைவேறியதாக ஆவணமும் இருக்கிறது. பின்னால் தகராறு வரும்போது அந்த ஆவணமே ஆசிரியருக்கு எதிரான சாட்சியாகிறது. ஆணையம் கணக்கெடுக்கவேண்டியது ஆவணம் இருந்ததா என்பதை மட்டும் அன்று. எழுபது வயதுக்காரருக்குப் பத்துத் தவணைப் பாலிசி ஏன் விற்கப்பட்டது என்பதையும்தான்.

இறப்புத் தொகையைக் கொடுப்பதில் நிலைமை நன்றாக இருக்கிறது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். தனிநபர் பாலிசிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் தீர்க்கப்படுகின்றன. 2024-ன் விதிப்படி விசாரணை தேவைப்படாத கோரிக்கையைப் பதினைந்து நாளிலும், விசாரணை தேவைப்படுவதை நாற்பத்தைந்து நாளிலும் முடிக்கவேண்டும். மீதமுள்ள சிலவற்றில் பெரும்பகுதி, பாலிசி எடுத்து மூன்றாண்டுக்குள் நேர்ந்த மரணங்கள். ஏஜெண்ட் குறித்த அந்த 'இல்லை' என்ற சொல் அப்போதுதான் விதவையின் முன்னால் வந்து நிற்கிறது.

இனி, நான் பெரிதும் கவலைப்படுவதாகச் சொன்ன மற்றொரு விஷயத்துக்கு வருகிறேன். சீக்கிரம் இறந்துபோனால் குடும்பத்துக்கு என்ன வழி என்பதற்கு விடை ஆயுள் பாலிசி. நெடுநாள் வாழ்ந்துவிட்டால் தமக்கு என்ன வழி என்பதற்கு விடை ஆன்னுயிட்டி எனப்படும் ஆயுட்கால ஓய்வூதியப் பாலிசி. ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், உயிருள்ளவரை மாதந்தோறும் கம்பெனி பணம் அனுப்பும். கூட்டுக் குடும்பம் கலைந்து, பிள்ளைகள் வெளியூர்களில் வாழ, தனியார் வேலையிலிருந்து ஓய்வுபெறுகிறவர்களின் கூட்டம் பெருகிவரும் இக்காலத்தில் இதைவிட அவசியமான பண்டம் வேறில்லை. தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2021-ன் மதிப்பீட்டில் 13.6 சதவீதம்; கேரளத்துக்கு அடுத்தபடியான நிலை இது.

அவசியமாயிருந்தும் இது பரவாமற்போனதற்கு முதற்காரணம் கமிஷன். எண்டோமெண்டை விற்றால் முதலாண்டில் 35 சதவீதம் வரை கிடைத்த காலத்தில், உடனடி ஓய்வூதியப் பாலிசியை விற்றவருக்கு 2 சதவீதந்தான். 2023-ல் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி வரம்பு வைப்பதை ஆணையம் விட்டுவிட்டு, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தது. ஆனால் வேரூன்றிய பழக்கம் ஒரு சுற்றறிக்கையால் போய்விடாது. இரண்டாவது காரணம் வரி. எண்டோமெண்டின் முதிர்வுத் தொகைக்கு நிபந்தனைகளுக்குட்பட்டு வரி இல்லை. 2023 ஏப்ரல் முதல் எடுத்து, ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் பிரீமியம் கட்டுவோரே அச்சலுகையை இழந்தனர். கிழவருக்கு வரும் ஓய்வூதியமோ முழுவதும் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படுகிறது. அவர் கொடுத்த முதலே சிறிது சிறிதாக அவருக்குத் திரும்பி வரும் பகுதிக்கும் வரி கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

மூன்றாவது காரணம் இவற்றிலும் ஆழமானது. அறுபது வயதில் பத்து லட்சம் ரூபாய் கொடுப்பவர், மரணத்துக்குப் பின் கொடுத்த முதல்தொகை வாரிசுக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டால், அண்மை ஆண்டுகளின் விகிதத்தில் ஆறரை ஏழு சதவீதத்தை ஒட்டிய வருமானம் கிடைக்கிறது. முதல் திரும்பவேண்டாம் என்றால் எட்டு சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் வைக்காமல் போவதா என்ற எண்ணத்தால் நம்மவர் பெரும்பாலும் முதலாவதையே தேர்கிறார்கள். 2021 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரியாக விற்கவேண்டும் என்று ஆணையம் வகுத்த சரள் பென்ஷன் திட்டத்திலும் இரண்டே வகைகள்; இரண்டிலும் முதல் திரும்புகிறது. நம் பெரியவருக்கு மாதம் 5,500 ரூபாய் வருவதாக வைத்துக்கொள்வோம். அது சாகும்வரை 5,500 ரூபாயே. விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டாவது ஆண்டில், அதாவது எழுபத்திரண்டு வயதில், அதன் வாங்கும் சக்தி பாதியாகிறது, எண்பத்துநான்கில் காற்பங்கு. மருந்துச் செலவு ஏறும் வயதும் அதுவே. ஆண்டுக்கு மூன்று சதவீதம் தனிவட்டி முறையில் உயரும் வகையும் எல்.ஐ.சி.யின் ஜீவன் அக்ஷயில் உண்டு. தொடக்கத் தொகை குறைவாக இருப்பதால் அதை விரும்புவோர் சிலரே.

விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியத்தைக் கம்பெனிகள் விற்காததற்குக் காரணம் அவர்களுடைய கருமித்தனம் அன்று. அவ்வாறு வாக்களிக்கவேண்டுமானால், அதேபோல் உயரும் வட்டியைத் தரும் கடன் பத்திரம் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும். 2013-ல் சர்க்கார் பணவீக்கத்தோடு இணைந்த பத்திரங்களை வெளியிட்டது, அம்முயற்சி தொடரவில்லை. நீண்டகாலப் பத்திரங்கள் மட்டும் வந்தன: 2015-ல் நாற்பதாண்டுக்கு, 2023 நவம்பரில் ஐம்பதாண்டுக்கு. நிலையான தொகையை நெடுங்காலம் தருவதற்கு அவை உதவுகின்றன. தக்க ஆதாரம் இல்லாமல் வாக்களித்தவர்களின் கதி என்னவென்பதற்கு இங்கிலாந்தின் ஈக்விடபிள் லைஃப் சாட்சி. 1762-ல் தோன்றிய அந்தச் சங்கம், வட்டி உயர்ந்திருந்த காலத்தில் பென்ஷன் விகிதத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தது. வட்டி இறங்கியபோது வாக்கிலிருந்து நழுவப் பார்த்தது. 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சங்கம் புதிய வியாபாரத்துக்குக் கதவை அடைத்தது. நம் கம்பெனிகளும் இன்று, ஐந்து பத்து ஆண்டு கழித்துத் தொடங்கும் பென்ஷனுக்கு இன்றே விகிதம் நிர்ணயித்து விற்கின்றன. அந்த அபாயத்தை முன்னோக்கு வட்டி ஒப்பந்தங்களால் ஈடுகட்டுகிறார்கள். ஆணையம் இக்கணக்கை வெகு ஜாக்கிரதையாகக் கவனிக்கவேண்டும். வாங்குபவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்ற கணக்கும் அண்மையில்தான் சீர்ப்பட்டது. 1996-98-ன் பழைய எல்.ஐ.சி. அட்டவணையை விட்டு, 2012-15-ன் அனுபவத்தில் செய்த புதிய ஆயுள் அட்டவணை 2021 ஏப்ரலில்தான் வழக்கத்துக்கு வந்தது.

பண்டம் இவ்வளவு குறைபாட்டோடு இருக்கையில், அதை வாங்கியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இருந்தது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அறுபது வயதில் வெளியேறுவோர் சேமிப்பில் 40 சதவீதத்தைக் கொண்டு ஆயுட்கால ஓய்வூதியம் வாங்கவேண்டும் என்பது விதி. 2025 டிசம்பரில் அரசு ஊழியர் அல்லாதவருக்கு அது 20 சதவீதமாகக் குறைந்தது. இங்கிலாந்து 2015-ல் நிர்ப்பந்தத்தை அடியோடு எடுத்துவிட்டது. நிர்ப்பந்தம் தளர்வதை ஜனங்கள் வரவேற்கிறார்கள். எனக்கும் அதில் தடையில்லை. ஆனால் கையில் வந்த மொத்தப் பணம் மகனின் வியாபாரத்துக்கும் மகளின் கலியாணத்துக்கும் போய்விட்டு, எழுபதுக்கு மேல் ஒருவர் கையேந்தும் நிலை வந்தால், அதற்குச் சட்டம் வைத்திருக்கும் விடை என்ன? பண்டத்தைச் செம்மைப்படுத்தாமல் நிர்ப்பந்தத்தை மட்டும் குறைப்பது பாதி வேலையே.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்குச் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டிருப்பது நல்ல மாறுதல். மரணத்துக்கு மட்டும் காப்பளிக்கும் டேர்ம் பாலிசிக்கு 18 சதவீத வரி இருந்தது. அது போனதால், குறைந்த செலவில் பெரிய காப்பு என்ற உண்மையான இன்ஷூரன்ஸின் பக்கம் இளைஞர் திரும்ப வழி பிறந்திருக்கிறது. ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் காப்புத் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டம் கூலி வேலை செய்வோரிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சந்தை இத்திசையில் வளரட்டும்.

சர்க்காரும் ஆணையமும் செய்யவேண்டியவை, என் கருத்தில், மூன்று. ஆயுட்கால ஓய்வூதியத்தை விற்கும் ஒவ்வொரு தாளிலும், இன்றைய தொகை பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் எவ்வளவு சாமானை வாங்கும் என்று காட்டும் ஒரு பட்டியலைக் கட்டாயமாக்கவேண்டும். பணவீக்கத்தோடு இணைந்த நீண்டகாலப் பத்திரங்களை மறுபடி வெளியிடவேண்டும். பென்ஷனில் முதல் திரும்பும் பகுதிக்கு வரி விலக்கு அளிக்கவேண்டும். படிவமும் விளக்கப் பட்டியலும் வாங்குபவரின் பாஷையிலேயே இருக்கவேண்டும் என்பதையும் இவற்றோடு சேர்த்துக் கேட்கிறேன்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். வைத்தியப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம், அந்நாட்களின் காப்புக்கான தொகை ஆகியவை போக மீதி திரும்பிவரும். அந்த முப்பது நாளில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, நோய் பற்றிய கேள்விகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, எத்தனை ஆண்டு கட்டவேண்டும், நியமனதாரர் பெயர் சரியா என்ற மூன்றையும் வீட்டில் விவரம் அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை அவர் விசாரிக்கிறார். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது.